ஸ்பாம் ஃபில்டர் திணறினால் ப்ராசஸைக் கூட்டாதீர்கள், ஒரு மெயில் எங்கே காத்துக் கிடக்கிறது என்று பாருங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான்கு கோர், 4 ஜிபி மெமரி உள்ள ஒரு மெயில் சர்வர். மெயிலை வாங்கி அனுப்பும் நிரலான போஸ்ட்ஃபிக்ஸ் அதை ஸ்கேன் வேலையைப் பார்க்கும் அமாவிஸிடம் கொடுக்கிறது, அமாவிஸுக்குள் ஸ்பாமைக் கண்டுபிடிக்கும் ஸ்பாம்அசாசின், பக்கத்தில் வைரஸ் தேடும் க்ளாம்ஏவி. இரண்டு நாளாக மெயில்கள் மூன்று மணி நேரம் தாமதமாக வருகின்றன, கியூவில் 12,000 மெயில் நிற்கிறது. அமாவிஸின் ப்ராசஸ் எண்ணிக்கையை 4-லிருந்து 30 ஆக்கியதும் லோடு 40-ஐத் தாண்டி நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. ஃபில்டரைக் கொஞ்ச நாள் அணைத்து வைக்கலாமா?

அணைக்க வேண்டாம். அந்த 30-ஐ இப்போதே பழையபடி 4 ஆக்கி அமாவிஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் என்று சொல்கிறேன். அமாவிஸின் ஒவ்வொரு ப்ராசஸும் ஸ்பாம்அசாசினின் எல்லா விதிகளையும் மெமரியில் ஏற்றி வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. ஒன்றுக்கு 150 எம்பி என்று வைத்தாலும் முப்பதுக்கு 4.5 ஜிபி, அதுவே உங்கள் சர்வரின் மொத்த மெமரியைவிட அதிகம். இதற்கு மேல் க்ளாம்ஏவி தனியாக 1 ஜிபிக்கு மேல் பிடித்து வைத்திருக்கும். (ஒரு பகுதியை ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும், ஆனால் உங்களைக் காப்பாற்றும் அளவுக்கு அல்ல.) மெமரி போதாமல் ஸ்வாப்புக்கு, அதாவது மெமரிக்குப் பதிலாக டிஸ்க்குக்குப் போனதும், ஒரு நொடியில் முடிய வேண்டிய ஸ்கேன் அரை நிமிடம் இழுக்கிறது. லினக்ஸில் லோடு கணக்கு சிபியூவுக்காக நிற்கும் ப்ராசஸ்களை மட்டும் எண்ணுவதில்லை, டிஸ்க்குக்காக நிற்பவற்றையும் சேர்த்துத்தான் எண்ணுகிறது. அதனால்தான் சிபியூ பாதி சும்மா இருக்கும்போதே லோடு 40 காட்டும். மெமரி நிலையைக் காட்டும் விஎம்ஸ்டாட் கட்டளையை ஓட்டிப் பாருங்கள், ஸ்வாப் உள்ளே, ஸ்வாப் வெளியே என்ற இரண்டு பத்திகளிலும் தொடர்ந்து எண்கள் ஓடினால் விஷயம் இதுதான்.

அணைக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், கியூவில் நிற்கும் மெயில் தொலைந்துபோகவில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வரை ஒரு மெயிலை வைத்துக்கொண்டு முயன்றுகொண்டே இருக்கும். வெளியிலிருந்து அனுப்பும் சர்வர்களும், நீங்கள் 4-ல் தொடங்கும் தற்காலிகப் பதில் கொடுத்தால் நாலைந்து நாள் திரும்பத் திரும்ப வர வேண்டும் என்பதுதான் விதி. ஆக உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஃபில்டரை அணைத்தால் அந்த 12,000-ல் இருக்கும் குப்பை, வைரஸ், ஃபிஷிங் எல்லாம் ஒரே மணி நேரத்தில் பயனாளர்களின் இன்பாக்ஸில் கொட்டும். அதில் யாராவது ஒருவர் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால் அடுத்த வாரம் உங்கள் சர்வரே ஸ்பாம் அனுப்பிக்கொண்டிருக்கும். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம், அதற்குக் கேட்க முடியாது.

4 ஆக்கும்போது இன்னொரு இடத்தையும் பாருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் கோப்பில், மெயிலை அமாவிஸிடம் கொண்டுசேர்க்கும் வழிக்கு, அதாவது டிரான்ஸ்போர்ட்டுக்கு என்று ஒரு ப்ராசஸ் எண்ணிக்கை இருக்கும். அதுவும் அமாவிஸின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே எதுவும் குறிப்பிடாமல் விட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் தன் பொதுவான 100 என்ற வரம்பை எடுத்துக்கொள்ளும், அப்புறம் 4 பேர் வேலை செய்யும் கவுன்டர் முன்னால் அதைவிடப் பல மடங்கு கனெக்ஷன் வந்து நின்று, உள்ளே போக முடியாமல் டைம்அவுட் ஆகும். இதில் மோசமான வகை ஒன்று உண்டு. மெயிலை முழுதாக வாங்கிய அமாவிஸ் அதை ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்து டெலிவரியும் ஆகிவிடுகிறது, ஆனால் 'முடிந்தது' என்ற பதில் வருவதற்குள் போஸ்ட்ஃபிக்ஸ் பொறுமை இழந்து கனெக்ஷனை வெட்டிவிடுகிறது. போஸ்ட்ஃபிக்ஸைப் பொறுத்தவரை அந்த மெயில் போகவில்லை, அதனால் மறுபடி அனுப்புகிறது. பயனாளருக்கு ஒரே மெயில் மூன்று முறை வருகிறது, உங்கள் ஃபில்டர் ஒரே வேலையை மூன்று முறை செய்கிறது. 'ஒரே மெயில் திரும்பத் திரும்ப வருது' என்று புகார் வந்திருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். அமாவிஸ் டிரான்ஸ்போர்ட்டுக்கு, மெயில் முடிந்த பின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை 1200 நொடி வைப்பது வழக்கம், போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு 600.

இப்போது ஒரு சின்னக் கணக்கு, இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. நான்கு ப்ராசஸ், ஒரு மெயிலுக்கு ஒரு நொடி என்றால் நிமிடத்துக்கு 240 மெயில் போகும். அதே நான்கு ப்ராசஸ், ஒரு மெயிலுக்கு 12 நொடி என்றால் நிமிடத்துக்கு 20. ஸ்பாம் ஒரு துளிகூட அதிகமாகாமலே உங்கள் கொள்ளளவு பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட முடியும். 'ஸ்பாம் கூடிவிட்டது, சர்வர் தாங்கவில்லை' என்று ஆரம்பிக்கிற பெரும்பாலான கதைகளில் நான் கடைசியில் பார்ப்பது இதுதான், வரத்து அப்படியே இருக்கும், ஒரு மெயிலுக்கு ஆகும் நேரம்தான் நீண்டிருக்கும். அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால் அந்த நேரத்தை அளந்துவிடுங்கள்.

அளக்கத் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸ் லாகில் ஒவ்வொரு டெலிவரி வரியிலும் 'டிலேஸ்' என்று சாய்கோடு போட்டுப் பிரித்த நான்கு எண்கள் இருக்கும். அமாவிஸுக்குப் போகும் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எண், மெயில் வந்து கியூ மேனேஜரிடம் சேரும் வரை ஆன நேரம். இரண்டாவது, கியூ மேனேஜரிடம் காத்துக் கிடந்தது. மூன்றாவது, கனெக்ஷன் போட ஆனது. நான்காவது, மெயிலைக் கொடுத்துப் பதில் வாங்க ஆனது. நான்காவது பெரிதாக இருந்தால் ஸ்கேனே மெதுவாக நடக்கிறது. மூன்றாவது பெரிதென்றால் மேலே சொன்ன எண்ணிக்கைப் பொருத்தமின்மை. இரண்டாவது மட்டும் பெரிது, நான்காவது ஒரு நொடிக்குள் என்றால்தான் உண்மையிலேயே வரத்து அதிகம்.

நான்காவதுதான் பெரிது என்று வந்தால் (உங்களுக்கு அப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன்), அமாவிஸின் லாக் அளவை 2 ஆக்குங்கள். அப்போது ஒவ்வொரு மெயிலுக்கும் 'டைமிங்' என்று ஒரு நீளமான வரி வரும், எந்த வேலைக்கு எத்தனை மில்லிநொடி என்று உடைத்துக் காட்டும். ஸ்பாம்அசாசினுக்குள் போன நேரத்துக்குத் தனியாக இன்னொரு வரி வரும். ஒரு இருபது மெயிலின் வரிகளைப் பொறுமையாகப் படித்தால் போதும், கை நீட்டிக் காட்டிவிடும்.

அனுபவத்தில் முதல் குற்றவாளி டிஎன்எஸ், அதாவது டொமைன் பெயர்களையும் ஐபிகளையும் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சேவை. ஒரு மெயிலுக்கு ஸ்பாம்அசாசின் பத்து இருபது டிஎன்எஸ் கேள்விகள் கேட்கும், அனுப்பிய ஐபி கருப்புப் பட்டியலில் இருக்கிறதா, உள்ளே இருக்கும் லிங்க்குகளின் டொமைன்கள் இருக்கின்றனவா என்று. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில்தான் கேட்கும், ஆனால் ஏதோ ஒரு பட்டியல் பதிலே சொல்லாமல் கிடந்தால் அதற்காகக் காத்திருக்கும், இயல்பான உச்சவரம்பு 15 நொடி. காத்திருக்கும் ப்ராசஸ் சிபியூவைத் தொடாது, அதனால் சர்வர் சும்மா இருப்பது மாதிரியே தெரியும், மெயில் மட்டும் நகராது. நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சர்வரில் இரண்டு நாள் முழுக்க ஸ்பாம் விதிகளையே நோண்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால் டிஎன்எஸ் கேள்விகளை யாரிடம் கேட்பது என்று சொல்லும் ரிசால்வர் கோப்பில் முதலில் எழுதியிருந்த டிஎன்எஸ் சர்வரை யாரோ எப்போதோ நிறுத்தியிருக்கிறார்கள், ஒவ்வொரு கேள்வியும் முதலில் அங்கே போய் ஐந்து நொடி நின்றுவிட்டுத்தான் அடுத்ததுக்கு வந்திருக்கிறது. அந்த ஒரு வரியை நீக்கியதும் கியூ தானாக வடிய ஆரம்பித்தது. அதிலிருந்து ஃபில்டர் மெதுவாகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ரிசால்வரைப் பற்றித்தான்.

இறந்துபோன கருப்புப் பட்டியல்களையும் தேடி நீக்குங்கள். சோர்ப்ஸ் என்ற பட்டியல் 2024 ஜூனில் நிறுத்தப்பட்டது, பழைய வழிகாட்டிகளைப் பார்த்து எழுதிய எத்தனையோ செட்டிங்குகளில் அது இன்னும் இருக்கிறது. நின்றுபோன பட்டியல் நேரத்தை வீணாக்குவதோடு விடும் என்று நினைக்காதீர்கள். ஓஆர்டிபி என்ற இன்னொரு பட்டியல் 2006-ல் மூடப்பட்டது, ஆனாலும் பலர் அதை நீக்கவில்லை, 2008 மார்ச்சில் அது கேட்கும் எல்லா ஐபிக்கும் 'ஆமாம், ஸ்பாம்தான்' என்று பதில் சொல்ல ஆரம்பித்தது, நீக்காமல் விட்டவர்களின் நல்ல மெயில் எல்லாம் நிராகரிக்கப்பட்டது.

அடுத்து, உங்கள் மெயில் சர்வர் கூகுளின் 8.8.8.8 மாதிரியான பொது ரிசால்வரைப் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். ஸ்பாம்ஹாஸ் போன்ற பட்டியல்கள் பொது ரிசால்வர் வழியாக வரும் இலவசக் கேள்விகளை ஏற்பதில்லை, 127.255.255.254 என்று ஒரு பிழைக் குறியீட்டைத் திருப்பி அனுப்பும். லிங்க் டொமைன்களுக்கான பட்டியலான யூஆர்ஐபிஎல் மறுத்தால் ஸ்பாம்அசாசின் அறிக்கையில் 'யூஆர்ஐபிஎல் பிளாக்டு' என்ற விதி பட்டிருக்கும். இதில் இரட்டை நஷ்டம். பட்டியலால் வாசலிலேயே திரும்ப வேண்டிய ஸ்பாம் எல்லாம் உள்ளே வந்து முழு ஸ்கேனுக்குப் போகிறது, அங்கேயும் பட்டியல் மதிப்பெண் கிடைக்காமல் தப்பிக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸில் பதில் எதுவானாலும் நிராகரி என்று எழுதியிருந்தால் நேர் எதிராக எல்லா மெயிலும் தடுக்கப்படும், ஆகவே 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான பதில்களுக்கு மட்டும் என்று எல்லை போட்டு எழுதுங்கள். தீர்வு எளிது: மெயில் சர்வரிலேயே அன்பவுண்டு என்ற சொந்த ரிசால்வரை நிறுவி, யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாமல் அதுவே நேரடியாகத் தேடிக்கொள்ளும்படி வைத்து, ரிசால்வர் கோப்பில் 127.0.0.1 மட்டும் போடுங்கள். பத்து நிமிட வேலை. இத்தனை குறைந்த உழைப்பில் இத்தனை பலன் தரும் இன்னொரு மாற்றம் மெயில் சர்வரில் எனக்குத் தெரிந்து இல்லை.

டிஎன்எஸ் சரியாக இருந்தும் ஸ்பாம்அசாசினுக்குள் நேரம் போகிறது என்றால் பேயஸைப் பாருங்கள், பழைய மெயில்களின் சொற்களிலிருந்து ஸ்பாமைக் கற்றுக்கொள்ளும் பகுதி அது. பேயஸ் தகவல்களைக் கோப்பில் வைத்திருந்தால், எழுத ஒரு நேரத்தில் ஒரு ப்ராசஸ்தான் பூட்டை எடுக்க முடியும். கற்ற சொற்கள், அதாவது டோக்கன்கள், இயல்பான 1,50,000 எல்லையைத் தாண்டினால் பழையவற்றைக் கழிக்கும் வேலையை, பாவம், அந்த நேரத்தில் ஏதோ ஒரு மெயிலை ஸ்கேன் செய்துகொண்டிருக்கும் ப்ராசஸின் தலையிலேயே கட்டிவிடும். அது நிமிடக்கணக்கில் இழுக்கும், நடுவில் டைம்அவுட் ஆகி வெட்டுப்படும், அடுத்து இன்னொரு ப்ராசஸ் அதே வேலையை முதலிலிருந்து தொடங்கும். பேயஸ் கோப்புகள் இருக்கும் டைரக்டரியில் பெயரின் கடைசியில் 'எக்ஸ்பயர்' என்ற சொல்லும் ஓர் எண்ணுமாகப் பெரிய கோப்புகள் குவிந்து கிடந்தால் இது பலமுறை நடந்திருக்கிறது என்று அர்த்தம். தானியங்கிக் கழிப்பை அணைத்துவிட்டு, ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் நேரம் குறித்து வேலையை ஓட்டும் கிரான் வழியாக, ஸ்பாம்அசாசினோடு வரும் எஸ்ஏ-லேர்னைக் கொண்டு கழிக்கச் சொல்லுங்கள். அந்த மிச்சக் கோப்புகளை அழித்துவிடலாம். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் பேயஸை மெமரியில் இயங்கும் டேட்டாபேஸான ரெடிஸுக்கு மாற்றுங்கள், ஸ்பாம்அசாசின் 3.4-லிருந்தே அதற்கு வசதி உண்டு. பழையவை தானாகவே காலாவதியாகும், பூட்டுச் சண்டையும் இல்லை.

மாறாக சிபியூ நூறு சதவீதம் ஓடுகிறது என்றால் சந்தேகம் விதிகள் மீது. யாரோ கையால் எழுதிச் சேர்த்த ரெஜெக்ஸில் (உரையில் தேடுவதற்கான வடிவம்) 'எதுவேண்டுமானாலும் எத்தனைமுறை வேண்டுமானாலும்' என்ற வகைப் பகுதிகள் இரண்டு மூன்று இருந்தால், நீளமான ஹெச்டிஎம்எல் மெயில் ஒன்று வந்ததும் அது முன்னும் பின்னும் அலைந்து கோரை விழுங்கிவிடும். சொந்த விதிகளை எல்லாம் தற்காலிகமாக ஒதுக்கி வைத்துவிட்டு நேரம் குறைகிறதா என்று பாருங்கள், குறைந்தால் பாதி பாதியாகத் திருப்பிச் சேர்த்துக் கண்டுபிடியுங்கள். ஸ்பாம் பரிசோதனைக்கான அளவு எல்லையை யாராவது ஏற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், மாதிரி அமைப்பில் 400 கேபி இருக்கும். அதை 10 எம்பி ஆக்குவதில் லாபம் ஒன்றுமில்லை, அத்தனை பெரிய ஸ்பாம் அபூர்வம்.

க்ளாம்ஏவி பற்றி ஒன்று மட்டும். அதன் வைரஸ் தரவுகள் புதுப்பிக்கப்படும்போது, 0.103-லிருந்து, பழையதை வைத்துக்கொண்டே புதியதையும் மெமரியில் ஏற்றும், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மெமரி இரட்டிப்பாகும். 4 ஜிபி சர்வரில் இதுவே ஸ்வாப்புக்குத் தள்ளப் போதும். நாளில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் திணறல் வருகிறது என்றால் அந்தத் தரவுகளைப் புதுப்பிக்கும் ஃப்ரெஷ்க்ளாமின் லாகில் அந்த நேரத்தைத் தேடுங்கள். ஒரே நேர ஏற்றத்தை அணைக்கலாம், ஆனால் ஏற்றி முடியும் வரை ஸ்கேன் நின்றுவிடும். இரண்டில் எது பரவாயில்லை என்பது மெமரியைப் பொறுத்தது, உங்கள் சர்வருக்கு நான் அணைத்துவிடுவேன்.

சரி, இனி வரத்து. ஃபில்டருக்குள் போகிற ஒவ்வொரு மெயிலும் செலவு, அதனால் போகவே தேவையில்லாதவற்றை வாசலில் நிறுத்த வேண்டும். இங்கே நான் மிகவும் வலியுறுத்துவது இல்லாத முகவரிகளை. கியூஷேப் என்ற கருவி போஸ்ட்ஃபிக்ஸோடு வருகிறது, இப்போது அனுப்பப்படும் ஆக்டிவ் கியூவையும், பிறகு முயல ஒதுக்கிய டிஃபர்டு கியூவையும் தனித்தனியாகப் பாருங்கள், எந்த டொமைனுக்கு எத்தனை மெயில், எத்தனை நிமிடமாக நிற்கிறது என்று காட்டும். உங்கள் சர்வரில் இல்லாத பெயர்களுக்கு வந்த மெயிலை வாங்கிக்கொண்டு, ஸ்கேன் செய்து, அப்புறம் 'அப்படி யாரும் இல்லை' என்று பவுன்ஸ் அனுப்புகிறதென்றால், ஒரு ஸ்பாமுக்கு இரண்டு வேலை பார்க்கிறீர்கள், கூடவே போலி அனுப்புநர் முகவரிக்குச் சொந்தக்காரரான யாரோ அப்பாவிக்குக் குப்பை அனுப்புகிறீர்கள். டிஃபர்டு கியூவில் சம்பந்தமில்லாத டொமைன்களுக்கு அனுப்புநர் இல்லாத மெயில்கள் நிறைந்திருந்தால் நடப்பது இதுவே. செல்லுபடியாகும் முகவரிகளின் பட்டியலை போஸ்ட்ஃபிக்ஸுக்குக் கொடுங்கள், மெயிலை வாங்கும் முன் நடக்கும் எஸ்எம்டிபி பேச்சிலேயே 550 என்று மறுப்புச் சொல்லித் திருப்பிவிடும், ஒரு மில்லிநொடிகூட ஃபில்டருக்குச் செலவில்லை. உள்ளே இருக்கும் வேறொரு சர்வருக்கு ரிலே செய்கிறீர்கள் என்றால் ரிலே முகவரிப் பட்டியல் தனி, அதைத்தான் பலர் மறக்கிறார்கள். எல்லாப் பெயர்களையும் வாங்கும் கேட்ச்-ஆல் பெட்டி இருந்தால் எடுத்துவிடுங்கள். அமாவிஸிலும் ஸ்பாம் என்று முடிவானதை பவுன்ஸ் செய் என்று இருக்கவே கூடாது, தனியே ஒதுக்கி வைக்கட்டும் அல்லது குறிபோட்டு அனுப்பட்டும்.

அடுத்தது போஸ்ட்ஸ்க்ரீன், வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. 2.8 பதிப்பிலிருந்து போஸ்ட்ஃபிக்ஸோடு வருகிறது. வரும் கனெக்ஷனை வரவேற்கும் முன் 6 நொடி காக்கவைக்கும், அவசரப்பட்டு முதலில் பேச ஆரம்பிக்கும் பாட்நெட் நிரல்களை அங்கேயே வெட்டும், கருப்புப் பட்டியல்களையும் மதிப்பெண் போட்டுப் பார்க்கும். தேறியவர்களை நினைவில் வைத்துக்கொள்வதால் நல்ல சர்வர்கள் ஒவ்வொரு முறையும் காக்க வேண்டியதில்லை. அதன் ஆழமான சோதனைகளை மட்டும் தொடாதீர்கள், அவை தேறிய சர்வரையும் ஒருமுறை திரும்பி வரச் சொல்லும், பல ஐபிகளிலிருந்து அனுப்பும் பெரிய சேவைகளின் மெயில் அதில் மாட்டித் தாமதமாகும். புதிய அனுப்புநரை முதல் முறை திருப்பி அனுப்பிப் பார்க்கும் கிரேலிஸ்டிங்குக்கும் அதே குறை உண்டு.

கியூஷேப்பை அனுப்புநர் பக்கமாகவும் ஒருமுறை ஓட்டுங்கள். உங்கள் டொமைனே மேலே நின்றால் வெளியிலிருந்து வரும் ஸ்பாம் அல்ல, உள்ளே ஏதோ ஒரு பயனாளரின் பாஸ்வேர்டு போய்விட்டது. எந்த லாகின் பெயரில் அதிகம் அனுப்பப்பட்டிருக்கிறது என்று லாகில் எண்ணிப் பார்த்து, பாஸ்வேர்டை மாற்றி, அவர் பெயரில் நிற்கும் மெயில்களை போஸ்ட்ஃபிக்ஸின் போஸ்ட்சூப்பர் கட்டளை கொண்டு ஹோல்டில், அதாவது நிறுத்தி வைக்கும் இடத்தில் போடுங்கள். அழிப்பது பிறகு. கோபத்தில் 'எல்லாவற்றையும் அழி' என்று கொடுத்துவிடாதீர்கள், அதில் யாருடைய வேலை நியமனக் கடிதமோ மருத்துவ அறிக்கையோ இருக்கலாம்.

இதெல்லாம் முடிந்து ஒரு மெயில் இரண்டு நொடியில் போகிறது என்று வைப்போம். நான்கு ப்ராசஸ், ஆக நொடிக்கு இரண்டு. புதிதாக நொடிக்கு ஒன்று வந்துகொண்டிருந்தால் தேங்கியதில் நொடிக்கு ஒன்று குறையும், 12,000 வடிய மூன்று மணி இருபது நிமிடம். அதை அவசரப்படுத்த கியூ முழுவதையும் ஃப்ளஷ் செய்து உடனே அனுப்பச் சொல்லாதீர்கள், டிஃபர்டில் இருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் ஆக்டிவுக்குப் பாய்ந்து, புதிதாக வரும் மெயிலும் அதன் பின்னால் மாட்டிக்கொள்ளும். போஸ்ட்ஃபிக்ஸ் தானே 300 நொடியிலிருந்து 4000 நொடி வரையிலான இடைவெளிகளில் ஒவ்வொன்றாக எடுக்கும், விட்டுவிடுங்கள்.

ப்ராசஸ் எண்ணிக்கையைக் கூட்டுவது இதற்குப் பிறகுதான், அதுவும் ஒவ்வொன்றாக. 5 வைத்து ஒரு மணி நேரம் பாருங்கள், ஸ்வாப் அசையவில்லை, ஒரு மெயிலின் நேரம் நீளவில்லை என்றால் 6. நேரம் நீள ஆரம்பிக்கும் இடத்தில் ஒன்றைக் குறைத்து நிறுத்துங்கள், டிரான்ஸ்போர்ட் எண்ணிக்கையையும் கூடவே மாற்ற மறக்காதீர்கள். 4 ஜிபியில் 8-ஐத் தாண்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கு மேல் தேவைப்பட்டால் மெமரி வாங்குங்கள், அல்லது ஆர்ஸ்பாம்டி என்ற வேறொரு ஸ்பாம் ஃபில்டருக்கு மாறுவதைப் பற்றி யோசியுங்கள். அது சி மொழியில் எழுதப்பட்டது, டிஎன்எஸ் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அதே ப்ராசஸ் அடுத்த மெயிலைப் பார்க்கப் போய்விடும், இதே சர்வரில் பலமடங்கு தாங்கும். ஆனால் கியூ நிறைந்து கிடக்கும் நாளில் மாற வேண்டாம், வடிந்து இரண்டு வாரம் அமைதியாக ஓடட்டும். அமாவிஸ் லாக் அளவை 2-லிருந்து பழையபடி குறைப்பதையும் அப்போது செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து டிஸ்க் நிறைந்து நிற்கும்.